பூட்டு உடையவில்லை, நிலைதான் பிளந்தது

கேள்வி: ஐயா, எங்கள் தெருவில் ஒரே மாதத்தில் இரண்டு திருட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் கதவை உடைத்து உள்ளே போயிருக்கிறார்கள். அடுத்த வாரமே எதிர் வீட்டு வாசலில் நின்ற கார் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. சாவி இரண்டும் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக இருக்கின்றன, கார் நின்ற இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. எங்களுடையதும் அதே மாதிரி பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்கிற கார்தான். என் கணவர் வீட்டைச் சுற்றி எட்டு கேமரா மாட்டிவிடலாம் என்கிறார். எனக்கு அது மட்டும் போதுமா என்று சந்தேகம். பெரிய செலவில்லாமல் முதலில் என்ன செய்யலாம்? (ஒரு வாசகி)

பதில்:

சகோதரி, திருட்டு நடந்த மறுநாள் காலையில் உடைந்த கதவைச் சரிசெய்யக் கூப்பிடும் ஆள் நான். போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, வீட்டுக்காரர்கள் இன்னும் தூங்காத கண்ணோடு நிற்கும்போது, கருவிப் பையோடு போய் நிற்பேன். அதனால் திருடர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது உடைந்து கிடக்கிற மரத்தையும் இரும்பையும் பார்த்துத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எட்டு கேமரா வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கேமரா வேண்டாம் என்றில்லை, ஆனால் அது நான்காவதோ ஐந்தாவதோ செய்ய வேண்டிய வேலை. தொப்பி போட்ட, முகத்தை மூடிய ஒருவர் கதவை உதைத்து உள்ளே போவதைத் தெளிவான படத்தில் போட்டுக் காட்டிய வீடுகள் எனக்குத் தெரியும். படம் நன்றாகத்தான் இருந்தது. கதவுதான் ஒரு உதைக்குத் தாங்கவில்லை.

கதவில் இருந்தே ஆரம்பிப்போம். உடைக்கப்பட்ட வீட்டுக்குப் போனால் நான் அதிகம் பார்க்கிற காட்சி இது: பூட்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, அதன் நாக்கு வெளியே நீட்டியபடி நேற்று பூட்டிய மாதிரியே இருக்கும், பக்கத்தில் நிலைச்சட்டம் மட்டும் நீளவாக்கில் பிளந்து கிடக்கும். தரையில் குனிந்து பார்த்தால் இரண்டு குட்டி ஸ்க்ரூ, நகத்தளவை விடக் கொஞ்சம் பெரிசு, மரத்தூள் ஒட்டியபடி. நிலையில் பூட்டின் நாக்கு போய் நுழைகிறதே ஒரு தகடு, அதைப் பிடித்து வைத்திருந்த ஸ்க்ரூக்கள் அவை. எத்தனை விலை கொடுத்து எவ்வளவு கனமான பூட்டு வாங்கினாலும், கடைசியில் உதையின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியது அந்த இரண்டு ஸ்க்ரூவும் அரை அங்குல மரமும்தான். பூட்டோடு டப்பாவில் வருகிற ஸ்க்ரூ பெரும்பாலும் 2 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குல ஸ்க்ரூ போடுங்கள். நிலைச்சட்டத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கிற கட்டைக்குள் அது இறங்கிவிடும். பின்னால் செங்கல்லோ கான்கிரீட்டோ இருந்தால் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். தகடும் சின்னதாக இல்லாமல் நீளமானதாக இருந்தால் உதை ஒரே இடத்தில் விழாமல் பரவும். கீல் பக்கத்து ஸ்க்ரூவையும் இதே மாதிரி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் பலமாகி அந்தப் பக்கம் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு மணி நேர வேலை. இதற்கு அப்புறம்தான் புதுப் பூட்டு வாங்குவதைப் பற்றியே பேச வேண்டும்.

பூட்டின் நாக்கு முழுதாக வெளியே வரும்போது 25 மில்லிமீட்டராவது நீள வேண்டும், தகட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளமும் அந்த ஆழத்துக்கு இருக்க வேண்டும். பல வீடுகளில் பள்ளம் பாதிதான் தோண்டியிருப்பார்கள், நாக்கு பாதி தூரம் போய் இடித்து நின்றுவிடும், வீட்டுக்காரரோ 'சாவி கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிறது' என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியிருப்பார். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதாக இருந்தால் கீலின் ஆணி வெளியே தெரியும், அதைத் தட்டி எடுத்துவிட்டால் பூட்டைத் தொடாமலே கதவைக் கழற்றலாம். அதற்கும் எளிய வழி உண்டு. கீல் பக்கத்துக் கதவு விளிம்பில் ஒரு தடித்த ஸ்க்ரூவைப் பாதிவரை இறக்கி, தலையை அறுத்துவிட்டு, எதிரே நிலையில் அது போய் உட்காரும்படி ஒரு துளை போட்டுவிட்டால், ஆணியைப் பிடுங்கினாலும் கதவு அசையாது. தச்சர்கள் ரொம்ப காலமாகச் செய்கிற வேலைதான். இப்போது அதையே தனி உதிரிப் பாகமாகவும் விற்கிறார்கள்.

இரண்டு பக்கமும் சாவி போடுகிற யூரோ சிலிண்டர், அதாவது பூட்டில் சாவி நுழைகிற உருளைப் பாகம், உங்கள் கதவில் இருந்தால், வெளியே நின்று விரலால் தடவிப் பாருங்கள். கைப்பிடித் தகட்டை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் சிலிண்டர் துருத்திக்கொண்டிருந்தால், அதைக் குறட்டால் கவ்வி ஒடித்துவிடலாம். நடுவில் ஸ்க்ரூ போகிற இடத்தில் அது மெலிந்திருப்பதால் அங்கேதான் முறியும், சத்தமும் பெரிதாக வராது. சரியான நீளத்தில், வெளிப்பக்க முனை மட்டும் உடைந்து மீதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்படி செய்த சிலிண்டர்கள் கிடைக்கின்றன. வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருந்தாலும் முதல் வேலையாகச் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். முன்னால் இருந்தவர் யார் யாருக்குச் சாவி கொடுத்திருந்தார் என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

தொங்கு பூட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டு கைக்கு அடங்காத அளவுக்குப் பெரிசாக இருக்கும், அது மாட்டியிருக்கும் நாதாங்கியின் ஸ்க்ரூத் தலைகள் நான்கும் வெளியே பளபளவென்று தெரியும். திருடனுக்கு அந்தப் பூட்டோடு சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். அது போக, வெளியே தொங்குகிற பூட்டு 'உள்ளே யாரும் இல்லை' என்று எழுதி மாட்டிய பலகை மாதிரி. முடிந்தால் கதவுக்குள்ளேயே பதிந்த பூட்டுக்கு மாறுங்கள்.

பின் கதவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, யாரும் எழுதுவதில்லை. முன் கதவில் மூன்று பூட்டு, பின்னால் ஒரு ஒல்லித் தாழ்ப்பாள். என் வீட்டிலும் பல வருஷம் அப்படித்தான் இருந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தெருவில் போகிறவர் கண்ணில் படாமல் நிதானமாக வேலை பார்க்கப் பின்புறம்தான் வசதி என்பதால், முன் கதவுக்குச் சொன்ன அத்தனையும் அங்கேயும் வேண்டும். தள்ளும் கண்ணாடிக் கதவு என்றால் கீழ்த் தடத்தில் அளவாக ஒரு கட்டையை வெட்டிப் போடுங்கள், மேலே தூக்கிக் கழற்ற முடிகிறதா என்றும் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

கதவில் கண்ணாடி இருந்தால், சாவியை உள்பக்கப் பூட்டிலேயே விட்டு வைக்காதீர்கள். கண்ணாடியைத் தட்டிவிட்டுக் கையை உள்ளே விட்டுத் திருப்பினால் முடிந்தது. அதற்காகச் சாவியை எங்கோ அலமாரிக்குள் ஒளித்து வைக்கவும் கூடாது. கண்ணாடியிலிருந்து கைக்கு எட்டாத தூரத்தில், ஆனால் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இருட்டில்கூடத் தெரிகிற ஓர் இடத்தில் இருக்கட்டும். நெருப்புப் பிடித்தால் அதே கதவு வழியாகத்தான் நீங்கள் ஓட வேண்டும். உள்ளிருந்து திறக்கவே முடியாத கம்பிக் கதவு, கம்பி ஜன்னல் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன், சிலருக்குக் கோபம்கூட வரும்.

பூந்தொட்டிக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குள் சாவி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள், நீங்கள் யோசித்த இடத்தைத் திருடனும் யோசிப்பான். புது வீட்டுச் சாவியைக் கையில் பிடித்துப் படமெடுத்துப் போடுவதும் வேண்டாம். 2008-இல் அமெரிக்காவில் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழு, சுமார் 60 மீட்டர் தொலைவில் மேஜை மேல் கிடந்த சாவியை டெலிஸ்கோப் வழியாகப் படமெடுத்து, அதன் வெட்டுகளைக் கணினியில் அளந்து எடுத்துக் காட்டியது. வெட்டுகளின் அளவு தெரிந்துவிட்டால் மாற்றுச் சாவி செய்ய அசல் சாவி தேவையே இல்லை.

இப்போது ஒரு விஷயம், இது உங்கள் தெருவுக்கு ரொம்ப முக்கியம். ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் அடுத்த சில வாரங்களுக்கு அதே வீட்டுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து கூடுதல். தெருவின் அமைப்பும் எந்த வழியாகத் தப்பலாம் என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, அக்கம்பக்கத்து வீடுகளில் கதவும் பூட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், போன பொருளுக்குப் பதில் புதுசு வாங்கி வைத்திருப்பார்கள் என்றும் தெரியும். இங்கிலாந்தில் ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட் என்கிற குடியிருப்பில் 1980-களின் நடுவில் இதை வைத்தே ஒரு திட்டம் போட்டார்கள். எல்லா வீட்டையும் பாதுகாக்க முயலாமல், ஏற்கெனவே திருட்டுப் போன வீடுகளை முதலில் பலப்படுத்தினார்கள், உள்ளே சேரும் காசுக்காகத் திருடர்கள் குறி வைத்த, காசு போட்டு ஓடுகிற மீட்டர்களை எடுத்தார்கள், சுற்றியிருக்கிற ஐந்தாறு வீட்டுக்காரர்களை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், உடைந்த நிலையை வெறுமனே ஒட்டுப்போட்டுப் பெயிண்ட் அடித்துவிடாமல் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் வேலையையும் அடுத்த மாதத்துக்கு ஒத்திப் போடாமல் இந்த வாரக் கடைசியிலேயே முடித்துவிடுங்கள்.

சரி, காருக்கு வருவோம். எதிர் வீட்டுக் கார் போன விதம் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்த வகைக் காரின் கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு குறைந்த அலைவரிசைச் சிக்னலை அனுப்பி 'சாவி பக்கத்தில் இருக்கிறதா' என்று கேட்கிறது. அந்தச் சிக்னல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது, அதனால் பதில் வந்தது என்றால் சாவி பக்கத்தில்தான் இருக்கும் என்று கார் நம்பிக்கொள்கிறது. திருடர்கள் இரண்டு பேராக வருவார்கள். ஒருவன் கார் பக்கத்தில், இன்னொருவன் உங்கள் முன் கதவை ஒட்டி, ஆளுக்கொரு பெட்டியோடு. காரின் கேள்வியைக் கார் பக்கத்தில் நிற்பவன் பெட்டி பிடித்துக் கதவருகே நிற்பவன் பெட்டிக்கு அனுப்ப, அது கதவு தாண்டி உள்ளே மாட்டியிருக்கிற சாவிக்குக் கேட்டுவிடும், சாவியும் அப்பாவியாகப் பதில் சொல்லிவிடும். கார் திறக்கும், ஸ்டார்ட் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி தூரமாகப் போனாலும் பாதுகாப்புக் காரணத்துக்காக என்ஜின் அணையாது என்பதால் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இது நேற்றுக் கண்டுபிடித்த தந்திரம் அல்ல. சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களில் சோதித்துப் பார்த்து 2011-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

இதற்கு மலிவான மருந்து உண்டு. உள்ளே உலோக இழை தைத்த சாவிப் பை. ஆனால் வாங்கினோம் போட்டோம் என்று விடாதீர்கள். சாவியைப் பைக்குள் போட்டு மூடி, காருக்குப் பக்கத்தில் நின்று கைப்பிடியை இழுங்கள், திறந்தால் அந்தப் பை வெறும் பைதான். மடிக்கிற இடத்தில் இழை தேய்ந்து போகும், ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்யுங்கள். இறுக்கமாக மூடுகிற தகர டப்பாவும் பல நேரம் வேலை செய்யும், அதையும் சோதித்த பிறகே நம்புங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், காலையில் தூக்கக் கலக்கத்தில் யாராவது அதைப் போட்டுவிட்டால் சாவியும் போச்சு, அடுப்பும் போச்சு. எல்லோரும் மறக்கிற விஷயம் மாற்றுச் சாவி. அது டிராயரில் கிடந்து இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும். காரின் கையேட்டையும் ஒரு தடவை புரட்டுங்கள், சில கார்களில் சாவியைத் தொடாமல் திறக்கிற வசதியையே அணைத்து வைக்கலாம், சில சாவிகள் அசையாமல் கிடந்தால் தானே தூங்கிவிடும்.

பை மட்டும் போதுமா என்றால் போதாது. சமீப வருஷங்களில் முன் விளக்கின் பின்னால் போகிற ஒயர் வழியாகக் காரின் உள் கணினித் தொடர்பையே பிடித்து, 'சாவி சரிதான், கதவைத் திற' என்று பொய்ச் செய்தி அனுப்புகிற கருவிகள் வந்துவிட்டன, அங்கே உங்கள் சாவிக்கு வேலையே இல்லை. அதனால்தான் நான் பழைய இரும்பு ஸ்டியரிங் பூட்டை இன்னும் சிபாரிசு செய்கிறேன். பார்க்க அசிங்கம், தினமும் மாட்டிக் கழற்ற எரிச்சல், ஆனால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் படும், அதை அறுக்க நேரமும் சத்தமும் ஆகும். மேற்கு ஜெர்மனியில் 1960-களின் தொடக்கத்தில் புதிது பழையது என்று பார்க்காமல் எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கினார்கள், கார் திருட்டு சட்டென்று இறங்கியது. யாருக்கும் தெரியாத இடத்தில் என்ஜினை நிறுத்துகிற ஒரு மறைவு சுவிட்ச் வைக்கலாம், நல்ல எலெக்ட்ரிஷியனாகப் பார்த்துச் செய்ய வேண்டும், உத்தரவாதம் பாதிக்குமா என்று கேட்டுக்கொண்டு.

ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற பழக்கம் உங்களுக்கோ உங்கள் கணவருக்கோ இருந்தால் மாற்றுங்கள். சிக்னலைக் குழப்புகிற சின்னக் கருவி ஒன்று பக்கத்தில் இருந்தால் கார் பூட்டவே பூட்டாது. கைப்பிடியை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

காருக்குள் என்ன விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதும் கணக்கு. பூட்டுக்காரனான என் வண்டியிலிருந்தே கருவிப் பை போயிருக்கிறது, பின் சீட்டில் துணி போட்டு மூடி வைத்திருந்தேன், அந்தத் துணிதான் 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று காட்டிக்கொடுத்தது என்று அப்புறம் புரிந்தது. பையில் இருந்ததைவிடக் கண்ணாடிக்கு அதிகம் செலவானது. போன் சார்ஜர் ஒயர், கண்ணாடியில் போன் தாங்கி ஒட்டியிருந்த வட்ட அச்சு, இவைகூட வேண்டாம். எல்லாவற்றையும் விட மோசம், வீட்டு முகவரி உள்ள காகிதமும் கேட் ரிமோட்டும் வீட்டு மாற்றுச் சாவியும் ஒரே காரில் இருப்பது.

கார் சாவியை முன் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டாதீர்கள், தபால் துளை வழியாகக் கம்பி விட்டு எடுப்பவர்கள் உண்டு. அதற்காகத் தலையணைக்கு அடியிலும் வேண்டாம் என்பது என் கருத்து, மற்றவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். சாவிக்காகவே வீட்டுக்குள் வருகிறவன் உங்கள் படுக்கையறைவரை வர நான் விரும்பமாட்டேன். கார் போனால் போகட்டும்.

கேமராவுக்கு வருகிறேன், உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவில் சிறையில் இருந்த 422 வீடு புகுந்த திருடர்களிடம் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சார்லட் கிளை எடுத்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. அலாரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்று பெரும்பாலோர் சொன்னார்கள், இருந்தால் வேறு வீட்டைத் தேடிப் போவோம் என்றவர்கள் பாதிக்கு மேல். ஆக, ஒரு சாதாரண அலாரமும் இரண்டு கேமராவும் போதும், எட்டு தேவையில்லை. ஒன்றை முன் கதவில் முகம் விழுகிற உயரத்தில் வையுங்கள், கூரை விளிம்பில் வைத்தால் தொப்பியின் மேல்பக்கம்தான் பதிவாகும். இன்னொன்று பின் கதவுக்கு, ஆள் நடமாட்டத்துக்கு எரிகிற விளக்கோடு. பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் டிவியோடு அதுவும் போகும். வாங்கியதும் கடையில் வந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் மாற்றப்படாத பாஸ்வேர்டு வழியாகவே கைப்பற்றியது.

ஊருக்குப் போகும்போது டைமர் வைத்து ஒன்றிரண்டு விளக்கு எரியட்டும், வாசலில் பார்சல் சேராமல் எடுத்துவைக்க ஒருவர் இருக்கட்டும், பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். விலையுள்ள சாமான்களின் வரிசை எண், காரின் 17 எழுத்தெண் கொண்ட அடையாள எண், ரசீது, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். என்றாவது வீட்டுக்கு வரும்போது கதவு திறந்து கிடந்தால் உள்ளே போகாதீர்கள், அவன் இன்னும் உள்ளேயே இருக்கலாம். தெருவுக்கு வந்து போலீஸைக் கூப்பிடுங்கள்.

நாளைக் காலையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நிலையில் இருக்கிற அந்தத் தகட்டின் ஸ்க்ரூ ஒன்றை மட்டும் கழற்றி அளந்து பாருங்கள். எவ்வளவு நீளம் இருந்தது, நிலைக்குப் பின்னால் கட்டையா செங்கல்லா என்று எழுதினால், என்ன அளவில் என்ன போட வேண்டும் என்று சொல்கிறேன்.